34-வது பிக்: ஜெய்லன் ஸ்மித்தின் முழங்காலைத் திறந்து பார்த்தது யார்?

நாலாம்டவுன்:
என்.எஃப்.எல். (அமெரிக்கக் கால்பந்து லீக்) அணிகள் கல்லூரி வீரர்களை முறைவைத்து எடுக்கும் டிராஃப்ட் பற்றிய இழையில் நேற்று வெள்ளிநட்சத்திரம் எழுதிய வரி இது: "அடிபட்ட வீரரை எப்படி எடுக்க வேண்டும் என்பதற்கு, 2016-ல் டல்லாஸ் ஜெய்லன் ஸ்மித்தை எடுத்ததே இலக்கணம்." படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை.

தெரியாதவர்களுக்கு: நோட்ர டேம் கல்லூரி அணியின் லைன்பேக்கர் (முன்வரிசைக்குப் பின்னால் நின்று எதிரணியைத் தடுப்பவர்) ஸ்மித். 2016 ஜனவரி 1, ஃபீஸ்டா பௌல் என்ற கல்லூரி ஆட்டத்தில் ஒஹாயோ ஸ்டேட்டுக்கு எதிராக ஆடியபோது இடது முழங்காலில் ஏ.சி.எல்., எல்.சி.எல். என்ற இரண்டு தசைநார்களும் அறுந்தன. கூடவே பெரோனியல் நரம்பும் அடிபட்டு, பாதத்தை மேலே தூக்க முடியாமல் தொங்கியது. அதுவரை முதல் ஐந்து இடங்களுக்குள் போவார் என்று பேசப்பட்டவர். டல்லாஸ் அவரை இரண்டாவது ரவுண்டில், 34-வது பிக்காக, அதாவது 34-வது தேர்வாக எடுத்தது.

அந்த முழங்காலை அறுவை செய்தவர் டல்லாஸ் அணியின் மருத்துவர். மற்ற 31 அணிகளும் ஸ்கேன் படத்தைப் பார்த்து ஊகித்தன. டல்லாஸ் உள்ளே திறந்தே பார்த்திருந்தது. சீட்டைப் பார்த்துவிட்டு ஆடியவரின் ஆட்டம் மற்றவர்களுக்கு எப்படி இலக்கணம் ஆகும்?

வெள்ளிநட்சத்திரம்:
2017 முதல் 2020 வரை நான்கு சீசன், 64 ஆட்டம். ஒன்றைக்கூட அவர் தவறவிடவில்லை. 2019-ல் புரோ பௌல், அதாவது நட்சத்திர வீரர்கள் ஆட்டத்துக்குத் தேர்வு. 2020-ல் 154 டாக்கிள் (பந்தோடு ஓடுபவரைப் பிடித்து வீழ்த்துவது). முதல் வருஷம் பாதத்தைத் தாங்கும் பட்டையோடு ஆடினார், பிறகு அதையும் கழற்றிவிட்டார். இதற்கு மேல் என்ன வேண்டும்? நல்ல மருத்துவரை வைத்திருப்பது குற்றமா?

மூட்டுவைத்தியம்:
மருத்துவர் விஷயத்தில் இருவருமே பாதியைத்தான் சொல்கிறீர்கள். ஸ்மித்தின் தசைநார்களைப் பற்றி எந்த அணிக்கும் பெரிய பயம் இருந்திருக்காது. ஏ.சி.எல். ஒட்டு ஒன்பது மாதம், ஒரு வருஷத்தில் விளையாட்டுக்குத் தயாராகிவிடும். பயம் நரம்பில்தான். பெரோனியல் நரம்பு முழங்காலுக்கு வெளிப்புறம், ஃபிபுலா எலும்பின் கழுத்தைச் சுற்றிக்கொண்டு போகிறது. எல்.சி.எல். கிழியும்போது அதுவும் சேர்ந்து இழுபடும். அறுந்திருந்தால் கதை வேறு. உறை அறாமல் உள்ளிழை மட்டும் செத்திருந்தால் மறுபடி வளரும், ஆனால் நாளைக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான். முதல் சில வாரம் அதுவும் நடக்காது. ஜனவரி 1-லிருந்து ஏப்ரல் கடைசிவரை கணக்குப் போட்டால் 9, 10 சென்டிமீட்டர். பாதத்தைத் தூக்கும் தசையின் மேல்பகுதிக்கு வந்து சேரும் தூரம் அவ்வளவுதான். அதாவது டிராஃப்ட் நாளன்று நரம்பு தசையின் வாசலில் நிற்கிறது, உள்ளே போனதா என்று யாருக்கும் தெரியாது.

நாலாம்டவுன்:
நன்றி வைத்தியரே, என் வாதத்தையே எழுதிக் கொடுத்துவிட்டீர்கள். அறுந்ததா, இழுபட்டதா என்பதை நேரில் பார்த்த கண் ஒன்றே ஒன்று. அந்தக் கண் டல்லாஸ் சம்பளத்தில் இருந்தது.

மூட்டுவைத்தியம்:
அப்படி நான் எழுதவில்லை. இண்டியானாபொலிஸ் கம்பைனில் (டிராஃப்டுக்கு முந்தைய சோதனை முகாம்) எல்லா அணி மருத்துவர்களும் அவரைக் கையால் சோதிக்கிறார்கள். அடிபட்டவர்களுக்கு ஏப்ரலில் மறுபரிசோதனையும் உண்டு. நரம்பு மின்சோதனை செய்தால் தசைக்குச் சைகை வருகிறதா என்று அளந்தே சொல்லலாம். அறுவை அறையில் பார்த்தவருக்கு நரம்பு துண்டாகவில்லை என்பது தெரியும். அது வளருமா என்பது அவருக்கும் தெரியாது.

நாலாம்டவுன்:
துண்டாகவில்லை என்று தெரிவதே பாதிச் சீட்டு.

கணக்குப்பிள்ளை:
மருத்துவரை விடுங்கள், விலையைப் பேசுவோம். ஒவ்வொரு பிக்குக்கும் புள்ளி போடும் ஜிம்மி ஜான்சன் மதிப்பு அட்டவணையில் 5-வது பிக்குக்கு 1700 புள்ளி, 34-வதற்கு 560. 1700 சரக்கை 560-க்கு வாங்கினால், அவர் முழுசாகத் தேற 33 சதவீத வாய்ப்பு இருந்தாலே போட்ட முதல் வந்துவிடும். ஆனால் நான்கு வருஷ ஒப்பந்தத்தில் ஒரு வருஷம் கட்டாயம் வீண். அதனால் 1700-ஐ முக்காலாக்கி 1275 என்று வையுங்கள். இப்போது 44 சதவீதம் தேவை. இரண்டாவது ரவுண்டில் எடுத்த வீரரை ஐந்தாம் வருஷமும் வைத்துக்கொள்ளும் உரிமை அணிக்குக் கிடையாது. நரம்பு செத்த காலுக்கு 44 சதவீதம் என்று எந்த மருத்துவர் கையெழுத்துப் போடுவார்?

வெள்ளிநட்சத்திரம்:
பிள்ளைவாள், ஒரு வரவை விட்டுவிட்டீர்கள். கல்லூரியில் பட்ட காயம் என்பதால் 2016 முழுக்க அவர் ஆட்டம் சாராத காயப் பட்டியலில் இருந்தார். அதில் இருக்கும் வருஷம் சேவைக் கணக்கில் ஏறாது. 2019 முடிவில் அவருக்கு மூன்று வருஷச் சேவைதான். கட்டற்ற வீரராக, விரும்பிய அணிக்குப் போகவே முடியாது, டல்லாஸ் ஒரு டெண்டர் (ஒரு வருஷச் சம்பள முன்மொழிவு) போட்டு இன்னும் ஒரு வருஷம் பிடித்து வைக்கலாம். வீணான வருஷம் வாலில் திரும்பி வருகிறது. உங்கள் 44 மறுபடி 33 பக்கம் இறங்கிவிடும். பை தி வே, அந்த அட்டவணையே டல்லாஸ் தந்ததுதான்.

கணக்குப்பிள்ளை:
டெண்டர் சம்பளம் புதுமுகச் சம்பளத்தைப் போலப் பல மடங்கு. அதை வரவு என்று எழுதுகிறவர் கணக்குப் பேச வேண்டாம்.

நாலாம்டவுன்:
வாலில் திரும்பி வந்த வருஷத்தை வைத்து டல்லாஸ் என்ன செய்தது? 2019 ஆகஸ்டில், டெண்டருக்கே காத்திருக்காமல், ஐந்து வருஷ நீட்டிப்பு கொடுத்தது. 2021 அக்டோபரில், சீசன் நடுவிலேயே அனுப்பிவிட்டது. ஏன்? 2022-க்கான 92 லட்சம் டாலர் சம்பளம், காயம்பட்டால் உறுதியாகிவிடும். முழங்காலைத் திறந்து பார்த்த அணியே கடைசியில் காயத்துக்குப் பயந்து கதவைத் திறந்துவிட்டது. இதுதான் உங்கள் இலக்கணம்.

ஸ்மித்துக்குப் பதில் டல்லாஸ் எடுத்திருக்கக்கூடியவர்களைப் பாருங்கள். 2016-ல் 37-வதாக கேன்சஸ் சிட்டிக்குப் போனவர் கிறிஸ் ஜோன்ஸ். மூன்றே இடம் தள்ளி. 38-ல் சேவியன் ஹவார்ட். 52-ல் டியான் ஜோன்ஸ், அதே லைன்பேக்கர் இடம், முதல் வருஷமே களத்தில். அந்த வருஷம் டல்லாஸ் 13 வெற்றி, 3 தோல்வி என்று முடித்துவிட்டு, பிளேஆஃபில் (சீசன் முடிவு நாக்அவுட் சுற்று) கிரீன் பேயிடம் 34-31 என்று தோற்றது. மூன்று புள்ளி! அன்று ஸ்மித் எங்கே இருந்தார்?

வெள்ளிநட்சத்திரம்:
கிறிஸ் ஜோன்ஸை 36 பிக்குகள் தாண்டிப் போயின, டல்லாஸ் மட்டும் அல்ல. முடிவு தெரிந்தபிறகு எல்லோரும் ஸ்கவுட்தான், திறமையைத் தேடிக் கண்டுபிடிப்பவர்தான்.

பழையமுழங்கால்:
36-வது பிக்கை யாரும் பேசவே மாட்டேன் என்கிறீர்களே. மைல்ஸ் ஜாக்! அவரும் முதல் பத்தில் போக வேண்டியவர். 2015 செப்டம்பரில், முழங்கால் மூட்டுக்குள் மெத்தைபோல இருக்கும் மெனிஸ்கஸ் கிழிந்தது. மெனிஸ்கஸ் தைத்தால் ஆறும். பயம், அதற்குக் கீழே எலும்பின் மேல் இருக்கும் குருத்தெலும்பில். அது பெயர்ந்தால் மைக்ரோஃபிராக்சர்தான், எலும்பில் சிறு துளைகள் போட்டு ரத்தம் கசியவிட்டு ஒரு தழும்புத் திசுவை வளர்ப்பது. அசல் குருத்தெலும்பின் உறுதி அதற்கு வராது, பாரம் தாங்கித் தாங்கித் தேயும். இவ்வளவு பயமுறுத்தியும் 2016-ல் ஜாக்சன்வில்லுக்காக 16 ஆட்டமும் ஆடினார். அவரை அறுவை செய்தவர் ஜாக்சன்வில் மருத்துவரா?

நாலாம்டவுன்:
அதையேதான் நானும் சொல்கிறேன். ஜாக்சன்வில் எடுத்ததுதான் உண்மையான பந்தயம். டல்லாஸ் ஆடியது சீட்டைப் பார்த்த பந்தயம்.

பழையமுழங்கால்:
இல்லை, நான் அதற்கு எதிராகச் சொன்னேன்.

கணக்குப்பிள்ளை:
சான் பிரான்சிஸ்கோவையும் எழுதிவிடுகிறேன். 2005-ல் 65-வதாக ஃபிராங்க் கோர், கல்லூரியிலேயே இரண்டு ஏ.சி.எல்.லும் போனவர். கடைசியில் பந்தோடு ஓடிக் கடந்தது சரியாக 16,000 கெஜம், வரலாற்றில் மூன்றாம் இடம். அந்த ருசியில் அதே அணி 2013-ல் மார்கஸ் லாட்டிமோரை 131-ல் எடுத்தது. 2011-ல் இடது முழங்கால், 2012 அக்டோபரில் வலது முழங்கால் மூட்டே விலகியது. ஒரு ஆட்டம்கூட ஆடாமல் 2014-ல் ஓய்வு. ஏ.சி.எல். தனியாக அறுவது வேறு, மூட்டு விலகி மூன்று தசைநார் போவது வேறு. ஸ்மித் எந்தப் பக்கம் என்று நீங்களே பாருங்கள்.

வெள்ளிநட்சத்திரம்:
131-க்கு உங்கள் அட்டவணையில் 40 புள்ளி சொச்சம். தொலைந்தால் தொலையட்டும். அதைப் போய் 34-வது பிக்கோடு ஒப்பிடுவது கணக்கா?

போன வருஷம், மயாமி எடுத்த டுவா பற்றிய இழையிலும் நாலாம்டவுன் இதையேதான் செய்தார். "இடுப்பு விலகியவர் நிற்க மாட்டார், 6-வதாகப் போன ஹெர்பர்ட்டை எடுத்திருக்க வேண்டும்" என்று இருபது பதிவு. டுவாவை உட்காரவைத்தது தலையில் பட்ட அடி, இடுப்பு அல்ல.

நாலாம்டவுன்:
2024-ன் கடைசி இரண்டு ஆட்டம் எதனால் போனது? இடுப்பு.

வெள்ளிநட்சத்திரம்:
2019-ல் உடைந்த அதே இடமா? காட்டுங்கள்.

நாலாம்டவுன்:
காட்ட நான் மயாமி மருத்துவர் இல்லை. இருந்திருந்தால் டல்லாஸ் மாதிரி முன்கூட்டியே தெரிந்திருக்கும்.

மூட்டுவைத்தியம்:
மறுபடி அங்கேயே வந்து நிற்கிறீர்கள். மறுபரிசோதனை அறிக்கை 32 அணிகளுக்கும் போனது. பல அணிகள் அவரைப் பட்டியலிலிருந்தே அடித்தன, டல்லாஸ் அடிக்கவில்லை. ஒரே தகவல், வேறு வேறு துணிச்சல்.

நாலாம்டவுன்:
அறிக்கை 32 பேருக்குப் போனது. கத்தி பிடித்தவர் எத்தனை அணிக்குப் போனார்? அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள், மீதியை நாளைக்குப் பேசலாம்.

வெள்ளிநட்சத்திரம்:
64 ஆட்டம். அதற்கு நீங்கள் பதில் சொல்லுங்கள்.