டீசல் காரின் இன்டேக்கில் கரி: ஸ்பிரே போதுமா, கழற்றத்தான் வேண்டுமா?

வத்தலகுண்டுக்காரன்

வணக்கம். 2012 மாடல் டீசல் கார், 1.3 லிட்டர், டர்போ (காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் சக்கரம்) உண்டு. 1,68,000 கி.மீ. ஓடியிருக்கிறது. அப்பா வாங்கியது, இப்போது என் கையில். வாரம் ஒருமுறை கொடைக்கானல் ஏறி இறங்குகிறேன். டம் டம் பாறை தாண்டி மூன்றாவது கியரில் ஏறிய வளைவுகளில், இப்போது இரண்டுக்கு இறக்கினாலும் முனகுகிறது. ஒரு மாதத்துக்குள் இப்படி ஆகிவிட்டது. மிதித்தால் கரும்புகை. பின்னால் வந்த பைக்காரர் ஒருவர் முந்திப் போகும்போது திரும்பிப் பார்த்தாரே ஒரு பார்வை!

ஏர் ஃபில்டர் புதுசு. ஒரு பட்டறையில் டர்போ போய்விட்டது, 35,000 ஆகும் என்றார்கள். இன்னொருவர், டர்போவெல்லாம் இல்லை, இன்டேக்கில் (இன்ஜினுக்குக் காற்று போகும் வழியில்) கரி, ஏர் ஃபில்டருக்கு அடுத்த குழாயைக் கழற்றி இன்ஜின் ஓடும்போதே ஸ்பிரே அடித்தால் போதும் என்கிறார். அடிக்கலாமா?

பெட்ரோல்_பிரியன்

என் 2009 பெட்ரோல் காருக்கு வருஷா வருஷம் த்ராட்டில் பாடியை (காற்றை அளவாக விடும் கதவுப் பகுதி) ஸ்பிரே போட்டுத் துடைக்கிறேன். 20 நிமிட வேலை, ஐடிலிங் சும்மா கும்மென்று நிற்கிறது. தைரியமாக அடியுங்கள்.

பழைய_ஸ்பேனர்

தம்பி, அடிக்காதீர்கள். பெட்ரோல் பிரியன் சொன்னது அவர் வண்டிக்குச் சரி. அதில் பெட்ரோல் வால்வுக்கு முன்னாலேயே பீய்ச்சப்படுவதால் வால்வின் முதுகு தானாகவே கழுவப்படும். டீசல் இன்ஜினில் எரிபொருள் நேராக சிலிண்டருக்குள் போகிறது, இன்டேக்கைக் கழுவ ஆளில்லை. போதாததற்கு, எரியக்கூடிய எது உள்ளே போனாலும் டீசல் இன்ஜின் அதை எரித்துவிடும். ஸ்பிரே அடித்தால் ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமலே வேகம் ஏறும், உங்கள் கட்டுப்பாட்டில் இருக்காது. வழியில் காற்றை அளக்கும் சென்சார் வேறு இருக்கிறது, அது தனி கிளீனர் மட்டுமே தாங்கும். அதற்கப்புறம் நிமிடத்துக்கு லட்சம் சுற்றைத் தாண்டும் டர்போ சக்கரம். அதன் மேல் திரவத்தைப் பீய்ச்சுவதா?

கரி எப்படி வருகிறது தெரியுமா? இ.ஜி.ஆர். வால்வு, புகையில் கொஞ்சத்தைத் திரும்ப உள்ளே விடுகிறது. எரியும் சூடு குறைந்து நைட்ரஜன் ஆக்சைடு குறையட்டும் என்பதற்காக. இன்னொரு பக்கம் பிரீதர் குழாய் வழியாக இன்ஜின் ஆயில் ஆவி வருகிறது. விளக்குக் கரியில் விளக்கெண்ணெய் குழைத்து வீட்டில் கண்மை செய்வார்களே, அதேதான் உங்கள் மேனிஃபோல்டுக்குள், அதாவது காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துவிடும் குழாய்க்குள் நடக்கிறது.

ஆனால் ஒரு மாதத்துக்குள் இழுவை போனது என்கிறீர்கள். கரி அப்படி அவசரப்படாது. முதலில் இன்டர்கூலர் (டர்போ அழுத்திய காற்றைக் குளிரவைப்பது) ஹோஸ்களைப் பாருங்கள். ஒருவரை ரேஸ் பண்ணச் சொல்லி, காதைக் கொடுங்கள், கை ஃபேன் பக்கம் போக வேண்டாம். எங்காவது உஸ்ஸென்று வந்தாலோ எண்ணெய் ஈரம் தெரிந்தாலோ டர்போ அழுத்தம் அங்கேதான் கசிகிறது. கரும்புகையும் வரும்.

அது சரியான பிறகும் புகைந்தால் மேனிஃபோல்டைக் கழற்றுங்கள். பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு ஆரம்பியுங்கள். சென்சார்களைப் பிரித்து வைத்துவிட்டு, மேனிஃபோல்டை ஒரு இரவு டீசலில் ஊறப் போட்டு, மறுநாள் பிரஷ் போடுங்கள். காஸ்டிக் சோடா சீக்கிரம் வேலை செய்யும் என்று யாராவது சொல்வார்கள். தொழில் பழகிய காலத்தில் நானும் அலுமினியப் பாகம் ஒன்றை அதில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தபோது பொங்கி நுரைத்துக்கொண்டிருந்தது, கேஸ்கட் உட்காரும் முகம் அம்மைத் தழும்பு மாதிரி ஆகிவிட்டது. ஓனரிடம் வாங்கியதை எழுதவில்லை.

மேனிஃபோல்டைக் கழற்றியதும் ஹெட்டில் (இன்ஜினின் மேல்பகுதி) தெரியும் ஓட்டைகளைத் துணியால் அடையுங்கள். காட்டன் வேஸ்ட் வேண்டாம், நூல் உள்ளே போகும். எத்தனை துணி வைத்தீர்கள் என்று எண்ணி வையுங்கள். கேஸ்கட் கட்டாயம் புதுசு.

மலைப்பாதை_மணி

இவ்வளவு எதற்கு? இ.ஜி.ஆர். வழியில் ஒரு தகடு வைத்து அடைத்துவிட்டால் கரியே வராதே. டீசல் புகைச் சோதனையில் புகையின் அடர்த்தியைத்தான் பார்க்கிறார்கள், தெரியாது.

பழைய_ஸ்பேனர்

சோதனையில் தெரியாது, மூச்சில் போகும். வண்டியைக் கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து மாற்றுவதைத் தடுக்கும் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவும் இருக்கிறது. என்னிடம் கேட்டு வந்தால் நான் வைப்பதில்லை.

வத்தலகுண்டுக்காரன்

ஒன்பது நாள் கழித்து எழுதுகிறேன். கீழ் ஹோஸில், கிளாம்ப் மறைத்த இடத்தில் இரண்டு அங்குல வெடிப்பு! கையால் வளைத்தபோதுதான் வாய் திறந்தது. ஹோஸ் மாற்றியதுமே முக்கால்வாசி இழுவை வந்துவிட்டது. டர்போவை யாரும் தொடவில்லை.

லேசான புகை மிச்சமிருந்ததால் ஞாயிற்றுக்கிழமை மேனிஃபோல்டையும் இறக்கினோம். கட்டைவிரல் நுழைய வேண்டிய வழியில் சுண்டுவிரலே சிக்கியது. சுரண்டியது ஒரு கொட்டாங்குச்சி நிறைய, தார் மாதிரி. அம்மாவின் துணி ஊறவைக்கும் வாளியில் ஊறப் போட்டது மட்டும் தப்பு. நேற்று டம் டம் பாறைக்கு மேல் மூன்றாவது கியரிலேயே ஏறினேன்.

பழைய_ஸ்பேனர்

ஒரு கொட்டாங்குச்சி என்றால் ஆயில் ஆவி கொஞ்சம் அதிகம்தான். பிரீதர் குழாயையும் கழற்றிப் பாருங்கள். ஆயில் மாற்றும்போது குச்சியில் மேல் கோட்டைத் தாண்டி ஊற்ற விடாதீர்கள். அம்மாவுக்கு வாளி வாங்கிக் கொடுத்தாயிற்றா?