நியமசபையில் (கேரள சட்டசபையில்) நம்ம ஸ்கூலைப் பற்றிய கேள்விக்கு "பரிகணனயிலாணு" (பரிசீலனையில் இருக்கிறது) என்று பதில், இதை வைத்து மேலே என்ன செய்யலாம்?

லயத்துப் பையன் (இடுக்கி மலைப் பக்கம்)

எல்லாருக்கும் வணக்கம். விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள். எங்கள் எஸ்டேட்டில் தமிழ் மீடியம் எல்.பி. (ஆரம்ப) ஸ்கூல் ஒன்று இருக்கிறது. நான் படித்ததும் அங்கேதான், இப்போது என் அண்ணன் மகள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். போன ஜூனில் ஸ்கூல் திறந்ததிலிருந்து இரண்டு வகுப்புக்கு நிரந்தர டீச்சர் கிடையாது. தினக்கூலிக்கு ஒருவரைப் போட்டார்கள், அவரும் ஓணம் லீவுக்கு ஊருக்குப் போனவர் வேறு வேலை கிடைத்துத் திரும்பவில்லை. அப்புறம் மூன்று வகுப்புப் பிள்ளைகளையும் ஒரே ரூமில் உட்கார வைத்து ஹெட்மாஸ்டரே பார்த்துக்கொண்டார்.

நாங்கள் பெற்றோர் பதினாறு பேர் கையெழுத்துப் போட்டு எம்.எல்.ஏ.விடம் கொடுத்தோம். அவர் நல்லபடியாகவே வாங்கிக்கொண்டு சபையில் கேள்வியாகப் போடுகிறேன் என்றார், போடவும் செய்தார். எழுத்துமூலப் பதிலும் வந்துவிட்டது. அதை வாட்ஸ்அப்பில் பார்த்ததும் லயம் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) முழுக்கச் சந்தோஷம். படித்துப் பார்த்தால் இவ்வளவுதான்:

(எ) தமிழ் மீடியம் பள்ளிகளில் ஆசிரியர் பற்றாக்குறை இருப்பது ஷ்ரத்தயில்பெட்டிட்டுண்டோ (கவனத்துக்கு வந்திருக்கிறதா)? பதில்: உண்டு.
(பி) பரிகரிக்க (சரிசெய்ய) நடவடிக்கை எடுக்குமா? பதில்: பரிகணனயிலாணு.

இதற்கு என்ன அர்த்தம்? மந்திரி எழுதிக் கொடுத்த பதில் அரசாங்கத்தைக் கட்டுப்படுத்துமா, இல்லை இதோடு சரியா? என் அண்ணி கொழுந்து எடுக்கப் போகிறவர், மலையாளம் பேசுவார், படிக்க வராது. "பதில் வந்துடுச்சாமே, டீச்சர் எப்ப வருவாங்க?" என்று தினமும் கேட்கிறார். அவரிடம் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

---

பழைய பி.ஏ.

தம்பி, நான் ஆறு வருஷம் ஒரு எம்.எல்.ஏ.விடம் (உங்கள் தொகுதி இல்லை) வேலை பார்த்தவன். இந்தக் கேள்விகளை எழுதுவதே என் வேலையாக இருந்தது, அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

முதலில் ஒன்று. அந்தப் பதிலை வெறும் காகிதம் என்று நினைக்காதீர்கள். (எ)-க்கு "உண்டு" என்று வந்திருக்கிறதே, அதுதான் உங்களுக்குக் கிடைத்த பெரிய பிடி. இனிமேல் ஏ.இ.ஓ. (உபஜில்லா கல்வி அதிகாரி) ஆபீஸிலோ டி.டி.ஈ. (மாவட்டக் கல்வித் துணை இயக்குநர்) ஆபீஸிலோ யாரும் "அப்படி ஒரு குறை எங்கள் கவனத்துக்கு வரவே இல்லை" என்று சொல்ல முடியாது. மந்திரியே சபையில் ஒத்துக்கொண்ட விஷயம் அது. பிரிண்ட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கேள்வி எண்ணும் தேதியும் நியமசபை வெப்சைட்டிலேயே இருக்கும்.

ஆனால் (பி) வீணானதற்குக் காரணம் பதில் எழுதியவர் மட்டும் இல்லை, கேள்வியே அப்படி அமைந்துவிட்டது. "நடவடிக்கை எடுக்குமா" என்று கேட்டால் செக்‌ஷன் கிளார்க்குக்கு அரை நிமிட வேலை, பரிகணனயிலாணு என்று எழுதி மேலே அனுப்பிவிடுவார். மந்திரியின் மேஜைக்கு அது வரும்போது கையெழுத்து மட்டும்தான் பாக்கி இருக்கும். அதுவே "எத்தனை தஸ்திகை (பணியிடம்) காலி, எந்தெந்த ஸ்கூல், எந்தத் தேதியிலிருந்து, பி.எஸ்.சி.க்கு (தேர்வாணையத்துக்கு) எப்போது ரிப்போர்ட் செய்யப்பட்டது" என்று கேட்டால், அதே கிளார்க் இடுக்கிக்கு போன் போட்டே ஆக வேண்டும். டி.டி.ஈ. ஆபீஸ் ஏ.இ.ஓ.விடம் கேட்கும், ஏ.இ.ஓ. ஹெட்மாஸ்டரிடம் கேட்பார். பல தடவை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், பதில் சபைக்குப் போவதற்கு முன்னாலேயே ஆள் வந்து சேர்ந்துவிடுவார், "நிகத்தியிட்டுண்டு" (நிரப்பியாயிற்று) என்று எழுத முடிய வேண்டுமே என்பதற்காக. கேள்விக்குப் பலம் அங்கேதான் இருக்கிறது.

அப்புறம் நட்சத்திரக் குறி விஷயம். நட்சத்திரம் போட்ட கேள்விக்கு மந்திரி எழுந்து நின்று வாயால் பதில் சொல்ல வேண்டும், உறுப்பினர்கள் துணைக்கேள்வி போட்டு மடக்கலாம். நட்சத்திரம் இல்லாததற்கு எழுத்துப் பதிலோடு சரி, துணைக்கேள்வி கிடையாது. எல்லாரும் நட்சத்திரக் கேள்விக்கு அடித்துக்கொள்வார்கள். நான் உங்கள் மாதிரி விஷயத்துக்கு எழுத்துப் பதிலைத்தான் விரும்புவேன். சபையில் வாயால் சொல்லும்போது கட்சிச் சண்டையில் விஷயம் கரைந்துபோகும், நேரம் முடிந்துவிட்டால் பின்னால் இருக்கும் கேள்விகள் பேச்சுக்கே வராது. எழுத்தில் வரும் பட்டியல் எங்கேயும் போகாது. ஸ்கூல் வாரியாகப் பட்டியல் கேளுங்கள், அனுபந்தமாக (இணைப்பாக) சேர்த்துத் தருவார்கள். அதில் உங்கள் ஸ்கூல் பெயர் இல்லாவிட்டால் அதுவே அடுத்த கேள்வி.

"பரிகணனயிலாணு", "விவரம் சேகரிச்சு வருன்னு" (விவரம் சேகரித்து வருகிறோம்) இரண்டும் முடிவு இல்லை. லோக்சபாவில் இந்த மாதிரி வார்த்தைகளை உறுதிமொழி என்றே கணக்கில் எடுத்து, மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும் என்று பின்தொடர ஒரு கமிட்டியே 1953-லிருந்து இருக்கிறது. நம் நியமசபையிலும் அரசு உறுதிமொழிகளுக்கென்று ஒரு சமிதி உண்டு. உங்கள் எம்.எல்.ஏ. இந்தக் கேள்வி எண்ணைக் குறிப்பிட்டு அந்த சமிதிக்கு ஒரு கடிதம் கொடுக்கட்டும். இதை நிறையப் பேர் செய்வதில்லை, பதில் வந்ததும் ஃபேஸ்புக்கில் போட்டுவிட்டு மறந்துவிடுகிறார்கள். எனக்கு இதில் ரொம்ப வருத்தம் உண்டு.

---

சித்தூர் டீச்சர் (பாலக்காடு)

நான் தமிழ் மீடியத்தில் இருபத்திரண்டு வருஷமாகப் பாடம் எடுக்கிறவள், அதனால் பி.ஏ. சார் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ஆசிரியர் எண்ணிக்கை தீர்மானமாவது ஜூனில் ஆறாவது பிரவர்த்தி தினத்தில் (ஸ்கூல் நடக்கும் ஆறாம் நாளில்) எடுக்கிற தலை எண்ணிக்கையை வைத்துத்தான். அன்றைக்கு எத்தனை குழந்தை வந்தது என்பதைப் பார்த்துத்தான் தஸ்திகை நிற்கிறதா போகிறதா என்று முடிவாகும். தோட்டத்தில் ஜூன் முதல் வாரம் மழை, பாதிக் குழந்தைகள் இன்னும் தேனிப் பக்கம் தாத்தா பாட்டி வீட்டில் இருப்பார்கள். அந்த ஆறாம் நாள் கணக்கில் உங்கள் ஸ்கூலில் எத்தனை பேர் என்பதையும் கேள்வியில் சேருங்கள். தஸ்திகை இருந்தும் ஆள் போடவில்லையா, அல்லது தஸ்திகையே போய்விட்டதா என்பது அதில்தான் தெரியும். இரண்டுக்கும் வழி வேறு வேறு. தஸ்திகை இருந்தால் தமிழ் மீடியத்துக்கென்று பி.எஸ்.சி. தனியாக ராங்க் லிஸ்ட் போடும், அதில் ஆள் இருக்கிறார்களா, லிஸ்ட் காலாவதியாகிவிட்டதா என்று கேட்க வேண்டும்.

இன்னொன்று, மனசில் கிடப்பதைச் சொல்கிறேன். பெற்றோர் மனுவைத் தமிழில் கொடுத்தீர்களா மலையாளத்திலா? 1969 கேரள ஆட்சிமொழிச் சட்டத்தில் தமிழ், கன்னட சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைமை அலுவலகங்களுக்கும் தங்கள் மொழியிலேயே எழுதலாம், மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அறிவித்த இடங்களில் அங்கே இருக்கிற ஆபீஸுக்கும் எழுதலாம், பதிலும் அதே மொழியில் வர வேண்டும் என்று இருக்கிறது. நிறைய அம்மாக்களுக்கு இது தெரியாது, மலையாளத்தில் எழுதித் தர ஆள் தேடி அலைவார்கள். சபையில் வரும் பதில் மலையாளத்தில் இருந்தாலும், துறைக்கு நீங்கள் தமிழில் எழுதினால் உங்கள் அண்ணி தானே படிக்கிற மாதிரி ஒரு பதிலைக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. அரசியல் சட்டத்தில் 350ஏ என்று ஒரு பிரிவு 1956-ல் சேர்த்தார்கள், ஆரம்பக் கல்வியைத் தாய்மொழியில் கொடுக்க மாநிலம் முயல வேண்டும் என்று. கேரளா உருவாகி, இடுக்கி மலைப் பக்கமும் பாலக்காடும் அதில் வந்த அதே வருஷம். சும்மா சலுகை கேட்கவில்லை நாம்.

---

குமுளிக்காரன்

எம்.எல்.ஏ. எதற்கு, எம்.பி.யைப் பிடித்து லோக்சபாவில் கேட்டால் வேகமாக நடக்காதா? டெல்லியில் கேட்டால் பயப்படுவார்கள் இல்லையா? எனக்கு லயத்து வீடு ரிப்பேர் விஷயம் ஒன்றும் இருக்கிறது, 2020 பெட்டிமுடி மண்சரிவுக்கு அப்புறம் மழை வந்தாலே வீட்டில் யாரும் தூங்குவதில்லை.

---

பழைய பி.ஏ.

குமுளி தம்பி, நீங்கள் கேட்டது நல்ல கேள்வி, ஏனென்றால் நிறைய மனு தப்பான வாசலுக்குப் போய்த்தான் செத்துப் போகிறது. டீச்சர் நியமனத்தை லோக்சபாவில் கேட்டால் "கல்வி பொதுப்பட்டியலில் இருக்கிறது, ஆசிரியர் நியமனம் மாநில அரசின் பொறுப்பு" என்று இரண்டு வரியில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். லயத்து வீடும் அப்படித்தான், போய்ப் பார்த்து நோட்டீஸ் கொடுக்க வேண்டியவர் மாநிலத் தொழிலாளர் துறையின் பிளான்டேஷன் இன்ஸ்பெக்டர். அதனால் நியமசபையில் "இந்த ஒரு வருஷத்தில் எத்தனை லயம் பரிசோதிக்கப்பட்டது, எத்தனை வாசயோக்கியம் இல்லை என்று எழுதினார்கள், அதில் எத்தனை சரி செய்யப்பட்டது" என்று எண்ணாகக் கேட்க வேண்டும். பெட்டிமுடியில் 70 பேரைப் பறிகொடுத்த ஜில்லாவில் இந்தக் கணக்கு ஒவ்வொரு மழைக்கு முன்னாலும் சபையில் வர வேண்டும் என்பது என் எண்ணம்.

எம்.பி.யிடம் போக வேண்டியது பி.எஃப். பணம் சிக்கிக் கிடப்பது, போடிமெட்டு வழியாகப் போகிற என்.எச். 85, ரயில், போஸ்ட் ஆபீஸ். அதற்கும் 15 நாள் முன்னால் நோட்டீஸ் வேண்டும், ஒரு நாளைக்கு நட்சத்திரம் உள்ளது 20, இல்லாதது 230-தான் எடுப்பார்கள், குலுக்கலில் விழ வேண்டும். அதனால் எம்.பி. ஆபீஸில் சீக்கிரமே கொடுங்கள், ஒரே தடவையில் விழாவிட்டால் திரும்பப் போடச் சொல்லுங்கள்.

பயப்படுவார்களா என்று கேட்டீர்கள். 1957-ல் எல்.ஐ.சி. பணத்தை முந்த்ரா கம்பெனிகளில் போட்ட விஷயம் லோக்சபாவில் ஒரு கேள்வியாகத்தான் ஆரம்பித்தது. முதல் பதிலோடு உறுப்பினர்கள் விடவில்லை, மறுபடி மறுபடி கேட்டார்கள், பெரோஸ் காந்தி விஷயத்தை அக்கு அக்காகப் பிரித்து வைத்தார், சாக்ளா கமிஷன் வந்தது, 1958 பிப்ரவரியில் நிதி மந்திரி டி.டி. கிருஷ்ணமாச்சாரி ராஜினாமா செய்தார். முதல் பதிலோடு நின்றிருந்தால் ஒன்றும் நடந்திருக்காது.

---

மறையூர் அக்கா

தம்பி, சபை கூடும் வரைக்கும் காத்திருக்க வேண்டாம், தகவல் உரிமைச் சட்டத்தில் இன்றைக்கே எழுது. 2005 சட்டத்தில் 8(1)-ன் கடைசியில் ஒரு வரி இருந்தது, பார்லிமெண்டுக்கோ மாநில சட்டசபைக்கோ மறுக்க முடியாத தகவலை எந்தத் தனி மனிதருக்கும் மறுக்கக் கூடாது என்று, 2025 நவம்பரில் அதை எடுத்துவிட்டார்கள். அந்த வரியை நான் மனப்பாடமாக வைத்திருக்கிறேன். அது இருந்தபோது ரேஷன் கடை விஷயமாக நான் போட்ட மனுவுக்கு ஒரு ஆபீஸில் "இதெல்லாம் உள் விஷயம்" என்றார்கள். "சட்டசபையில் கேட்டால் கொடுப்பீர்கள்தானே, அப்போ எனக்கும் கொடுங்கள்" என்று இந்த வரியை எழுதி மேல்முறையீடு போட்டேன், கொடுத்தார்கள். அந்த வரி இல்லாவிட்டாலும் மனு போடலாம், 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், 30 நாள். மந்திரியின் பதிலுக்கு அடிப்படையாக இடுக்கியிலிருந்து போன அறிக்கையின் நகலைக் கேள், ஃபைல் குறிப்போடு. "பரிகணனயிலாணு" என்றால் அந்த ஃபைல் யார் மேஜையில், எந்தத் தேதியிலிருந்து இருக்கிறது என்பது அதில் தெரிந்துவிடும். அதைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த கேள்வியை எழுது.

---

லயத்துப் பையன்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மனு மலையாளத்தில்தான் கொடுத்தோம் டீச்சர், தமிழில் எழுதலாம் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை பெற்றோரைக் கூட்டிப் பேசினோம், அண்ணியே எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டார். ஆர்.டி.ஐ. மனுவும் போடுகிறேன் அக்கா. அடுத்த கேள்விக்கு நானே ஒரு வரைவு எழுதினேன், பி.ஏ. சார் பார்த்துச் சொல்லுங்கள்:

(எ) தேவிகுளம், பீருமேடு தாலுகாக்களில் தமிழ் மீடியம் எல்.பி. பள்ளிகளில் அனுமதிக்கப்பட்ட தஸ்திகை எத்தனை, காலி எத்தனை. பள்ளி வாரியாக விவரம் தர முடியுமா?
(பி) ஒவ்வொரு காலியிடமும் எந்தத் தேதியிலிருந்து காலி, பி.எஸ்.சி.க்கு அறிவித்த தேதி எது?
(சி) இந்த வருஷம் ஆறாம் பிரவர்த்தி தினக் கணக்கில் அந்தப் பள்ளிகளில் எத்தனை குழந்தைகள்?
(டி) காலியிடங்களை விரைவில் நிரப்ப நடவடிக்கை எடுக்குமா?

---

பழைய பி.ஏ.

(எ), (பி), (சி) மூன்றும் நன்றாக இருக்கின்றன, கை வைக்க வேண்டாம். (டி)-யை எடுத்துவிடுங்கள், மறுபடியும் பரிகணனயிலாணு வந்து நிற்கும். அதற்குப் பதிலாக இப்படிப் போடுங்கள்: "முந்தைய கேள்வி எண் இன்னதுக்கு அளித்த பதிலில் பரிகணனையில் இருப்பதாகச் சொன்ன விஷயத்தில் எடுத்த முடிவு என்ன, முடிவு எடுக்கவில்லை என்றால் ஃபைல் இப்போது எந்த நிலையில் இருக்கிறது?" பழைய கேள்வி எண்ணை மறக்காமல் எழுதுங்கள். சபை கூடும் தேதி அறிவித்ததும் எம்.எல்.ஏ. ஆபீஸில் கொடுத்துவிடுங்கள், கல்வி மந்திரி பதில் சொல்லும் நாள் எது என்று அங்கே கேட்டால் சொல்வார்கள், அந்த நாளுக்கு நோட்டீஸ் போக வேண்டும். பதில் வந்ததும் இங்கே போடுங்கள் தம்பி, அனுபந்தத்தோடு.