கார்டிஃப் சிவப்பான அந்த இரண்டரை வருஷம்: உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள்

கேன்டன்வாசி

ரொம்ப நாளாக எழுத நினைத்தது. வேல்ஸின் கார்டிஃப் சிட்டி ஃபுட்பால் கழகத்தின் நீலச் சட்டையைச் சிவப்பாக்கிய 2012 ஜூன் அறிவிப்பு, மலேசிய உரிமையாளர் வின்சென்ட் டான், பழைய சின்னமான நீலப்பறவையைக் கால்மாட்டில் தள்ளிய டிராகன் சின்னம், இதெல்லாம் இங்கே வருகிறவர்களுக்குத் தெரியும். திரும்ப ஓதவில்லை.

அந்த வருஷம்தான் மேல்படிப்புக்காகக் கார்டிஃப் போனேன். மைதானத்திலிருந்து இருபது நிமிட நடை, ரயில்வேயில் ஓய்வு பெற்ற ஒருவர் வீட்டு மாடியறையில் வாடகைக்கு இருந்தேன். 1962ல் கழகம் அன்றைய உச்ச லீக்கான முதல் டிவிஷனிலிருந்து இறங்கியபோது அவருக்குப் பதினோரு வயதாம். அதற்கப்புறம் ஏறவே இல்லை. மைதானத்தில் மூன்று சீட் வரிசையாக அவர் குடும்பத்துக்கு: அவர், அவர் தம்பி, அவர் மகன். நிறம் மாறியதும் தம்பி 'இனி அந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்க மாட்டேன்' என்று போய்விட்டார். மகன் அடுத்த வாரமே சிவப்பு ஜெர்சி வாங்கிவிட்டார். பிரீமியர் லீக் போனால் சரி, மஞ்சள் போட்டு ஆடினாலும் பரவாயில்லை என்பது அவர் கட்சி. பெரியவர் போனார், ஆனால் நீலத்தில்தான் போனார். தம்பியின் நடுச்சீட் எனக்கு வந்தது. ஒரு பக்கம் நீலம், ஒரு பக்கம் சிவப்பு, நடுவில் ஃபுட்பாலே சரியாகத் தெரியாத நான்.

ஒவ்வொரு மேட்சிலும் 19 நிமிஷம் 27 வினாடி ஆனதும் எழுந்து நீல மஃப்ளரைத் தூக்கிப் பிடிப்பார்கள். 1927ல் ஆர்சனலை 1-0 என்று வென்று எஃப்.ஏ. கோப்பையை இங்கிலாந்துக்கு வெளியே கொண்டுபோன ஒரே கழகம் அல்லவா, அதற்கு. பெரியவர் எழுவார். மகன் கைபேசியை நோண்டுவார். நான் பாதி எழுந்து உட்காருவேன்.

2013 ஏப்ரல் 16, சார்ல்டனோடு மேட்ச். கோலே இல்லை. ஆனால் அந்த ஒரு புள்ளி போதும், 51 வருஷத்துக்குப் பிறகு மேலே போயாயிற்று. ஜனம் முழுக்கத் தரையில் இறங்கி ஓடியது. மகன் என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கினார். குளிருக்காக நான் கழுத்தில் சுற்றியிருந்தது அந்த சீசனில் இலவசமாகக் கொடுத்த சிவப்பு மஃப்ளர். அதைக் கழற்றித் தலைக்கு மேல் சுழற்றிக்கொண்டே திரும்பினேன். பெரியவர் கோட் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டு நின்றுகொண்டிருந்தார். உள்ளே நீலம். என்னைப் பார்த்து, "உனக்கு அந்த நிறம் நல்லா இருக்குப்பா" என்றார்.

அவ்வளவுதான். கோபமில்லை, கிண்டலும் இல்லை. மறுநாள் வழக்கம்போல டீ கொடுத்தார். அந்த ஒரு வரியை நான் இன்னும் பிரித்துப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கிள்ளான்காரன்

மறுபக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். ஜெர்சி நெஞ்சில் 'மலேசியா' என்று எழுதியிருந்ததே, அந்த மலேசியாவிலிருந்து.

2013 ஆகஸ்ட் 25, ஞாயிறு இரவு. மாமாக் கடை என்கிற தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் பெரிய திரை. மென்செஸ்டர் சிட்டி முதல் கோல் போட்டதும் பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். அப்புறம் கார்டிஃபுக்குக் குன்னார்சன் ஒன்று, கேம்பெல் தலையால் இரண்டு. 3-2. காற்பந்தே பார்க்காத என் அப்பா, தோட்டத்தில் லோரி ஓட்டியவர், தே தாரிக் டீ கிளாஸைக் கீழே வைக்காமல் கேட்டார்: "நம்ம டீமாடா?" ஆமாம்பா என்றேன். சொல்லும்போதே கொஞ்சம் கூசியது. ஆனாலும் சொன்னேன்.

அந்த சீசன் முடிவில் கழகம் கடைசி இடத்துக்குப் போய் இறங்கிவிட்டது தெரியும்தானே. 2015 தொடக்கத்தில் ஒரு நாள் செய்தியில் நீலச் சட்டையோடு ஆடுவதைக் காட்டினார்கள். அப்பா திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சட்டைய மாத்திட்டாங்களே, இனிமே நம்ம டீம் இல்லையா?" என்றார். என்ன பதில் சொல்வது? நிஜத்தில் அது ஒருநாளும் நம்ம டீம் இல்லை என்று எப்படிச் சொல்வது?

சிவப்பு ஆசியாவில் விற்கும் என்று கணக்குப் போட்டார்கள். இங்கே யாரும் விழுந்தடித்து வாங்கியதை நான் பார்க்கவில்லை. சிவப்பு வேண்டுமானால் எங்களுக்கு லிவர்பூல் இருக்கிறது, மென்செஸ்டர் யுனைடெட் இருக்கிறது. மூன்றாவது சிவப்பு எதற்கு? நீலமாகவே வந்திருந்தால் ஒருவேளை வாங்கியிருப்போம்.

பை விற்ற பெண்

கேன்டன்வாசி அண்ணா, அந்த மகனைக் கொஞ்சம் வில்லனாக்கிவிட்டீர்கள் என்று தோன்றுகிறது. நான் அந்த மகன் கட்சி. 2010ல் வரி பாக்கிக்காகக் கழகத்தையே இழுத்து மூட வழக்கு நடந்தது. அந்த நேரத்தில் மலேசியப் பணம் வராவிட்டால் எந்த நிறத்துக்காகச் சண்டை போட்டிருப்பார்கள்? வேல்ஸ் கொடியிலேயே சிவப்பு டிராகன்தான். வேல்ஸ் தேசிய அணி ஆடுவதும் சிவப்பில்தான். அதற்கெல்லாம் கூட்டமாகப் போய்க் கத்தியவர்கள்தானே இவர்கள்.

சரி, என் கதை. மைதானத்தில் ஒரு கேட்டரிங் கம்பெனிக்காக சனிக்கிழமைகளில் பை (மாவுக்குள் அடைத்துச் சுட்ட பலகாரம்), டீ விற்றேன். எங்களுக்குச் சிவப்பு டீசர்ட் கொடுத்தார்கள். முன்பு அதே கவுன்ட்டரில் கறுப்பு. முதல் மேட்சில் இடைவேளைக்கு வந்த ஒருவர், ஐம்பது வயதிருக்கும், பை வாங்கிவிட்டுக் காசை என் கையில் வைக்காமல் கவுன்ட்டரில் வைத்தார். நிறத்தைப் பார்த்துத்தான், என் தோல் நிறத்தைப் பார்த்துத்தான், அப்படிச் செய்கிறார் என்று நினைத்து எனக்கு முகம் சுண்டிப்போனது. அவருக்கே புரிந்திருக்க வேண்டும். "உன் மேல கோபமில்ல கண்ணு, சட்டை மேல" என்றார். அடுத்த மேட்சில் டீசர்ட்டுக்கு மேல் என்னுடைய நீல ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு நின்றேன். சூப்பர்வைசர் கழற்றச் சொன்னார். குளிர்கிறது என்றேன். அன்றைக்கு அந்த ஐம்பது வயதுக்காரர் சில்லறையைக் கையில் கொடுத்தார்.

நான் சிவப்புக் கட்சி என்பதை அவரிடம் கடைசிவரை சொல்லவில்லை.

நீலம்1927

சகோதரி, தேசிய அணி சிவப்பு என்பது வாதமே இல்லை. வீட்டுக் கல்யாணத்துக்குப் பட்டு கட்டுகிறோம் என்பதற்காக ஆபீஸ் யூனிஃபார்மைப் பட்டாக்க முடியுமா? டான் பணம் போட்டார், சரி. கடனாகப் போட்டார். அது அன்பளிப்பு இல்லை. 2013 டிசம்பரில் அணியை மேலே ஏற்றிய மேனேஜர் மால்கி மெக்கேயையே துரத்தினாரே, அதற்கும் நன்றி சொல்ல வேண்டுமா?

எனக்கு அனுபவம் என்று ஒன்றும் இல்லை. சென்னையில் உட்கார்ந்து பார்த்தவன். படிக்கும்போது கோபம் வந்தது, எழுதிவிட்டேன்.

ஹல் செவிலி

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இங்கிலாந்தின் ஹல் ஊர்க் கழகத்திலும் அதே 2013ல் இதே கதை. உரிமையாளர் ஆசெம் அல்லாம், எகிப்திலிருந்து 1968ல் அந்த ஊருக்கு வந்து அங்கேயே சம்பாதித்து ஊருக்கும் நிறையக் கொடுத்தவர். 'ஹல் சிட்டி' என்ற பெயரை 'ஹல் டைகர்ஸ்' ஆக்கப் பார்த்தார். சாகும்வரை சிட்டி என்று கோஷம் போட்டவர்களைப் பார்த்து, அவர்கள் எப்போது வேண்டுமானாலும் சாகட்டும் என்று பேட்டியே கொடுத்தார். ஆனாலும் என் வார்டில் அவரை விட்டுக்கொடுக்காத நோயாளிகளும் இருந்தார்கள்.

ஒரு தாத்தாவுக்கு ஆபரேஷன் முடிந்து மயக்கம் தெளிந்துகொண்டிருந்தது. உற்சாகப்படுத்தலாம் என்று, "தாத்தா, டைகர்ஸ் ஜெயிச்சிடுச்சாம்" என்றேன். கண்ணைத் திறக்காமல், ஆக்சிஜன் மாஸ்க்கைக் கையால் விலக்கி, "சிட்டி" என்றார். திரும்ப மாஸ்க்கைப் போட்டுக்கொண்டார்.

2014 ஏப்ரலில் இங்கிலாந்து காற்பந்துச் சங்கமான எஃப்.ஏ. பெயர் மாற்றத்தை நிராகரித்தது. அன்றைக்கு எனக்கு அந்த ஒரு சொல்தான் காதில் கேட்டது.

பிளவ் லேன் அண்ணை

எல்லாம் வாசித்தேன். தம்பிமார், தங்கச்சிமார், குறை நினைக்க வேண்டாம். நிறம் மாறினது, பெயர் மாறப் பார்த்தது என்று இவ்வளவு கதைக்கிறீர்கள். எங்களுக்குக் கழகத்தையே லொறியில் ஏற்றிக்கொண்டு போன மாதிரி. கேன்டன்வாசி, உங்கட பெரியவர் தன் சீட்டில் இருந்து அழவாவது ஒரு மைதானம் இருந்தது.

நான் 89ல் வந்து லண்டனில் விம்பிள்டன் பக்கம் இருந்தனான். வெள்ளிக்கிழமை பிள்ளையார் கோயில், சனிக்கிழமை உதைபந்தாட்டம். 91ல் எங்கட விம்பிள்டன் கழகம் சொந்தப் பிளவ் லேன் மைதானத்தை விட்டு, இன்னொரு கழகத்தின் மைதானமான செல்ஹர்ஸ்ட் பார்க்கில் ஒண்டுக்குடித்தனம் போனது. 2001 ஆகஸ்டில் லண்டனுக்கு வெளியே தூரத்தில் இருக்கிற மில்டன் கீன்ஸ் ஊருக்குப் போகப் போகிறோம் என்றார்கள். 2002 மே 28ல் எஃப்.ஏ. நியமித்த மூன்று பேர் குழு, இரண்டுக்கு ஒன்று என்று அனுமதி கொடுத்தது. சனம் ஏ.எஃப்.சி. விம்பிள்டன் என்று புதுக் கழகம் தொடங்கினது. விளம்பரம் போட்டு, விம்பிள்டன் பொதுப் புல்வெளியில் ஆட்டக்காரரைத் தெரிவு செய்தார்கள். ஜூலை 10, சட்டனில் முதல் ஆட்டம். 4,657 பேர். நாலுக்குப் பூச்சியம் தோல்வி. தோற்றுப்போன சனம் மைதானத்துக்குள் ஓடி ஆட்டக்காரரைத் தோளில் தூக்கினதை நான் அன்றுதான் கண்டேன். பக்கத்தில் நின்ற ஒரு பொலிஸ்காரர் என்னைக் கேட்டார், "யார் வென்றது?"

இப்ப இதை வாசிக்கிற இளம் ஆட்களுக்கு நான் சொல்வது. முதலாவது, ஜெர்சி வாங்குகிற காசில் பாதியை ரசிகர் அறக்கட்டளைக்குக் கொடுங்கள். எங்கட கழகத்தில் பெரும்பான்மைப் பங்கு ரசிகர் கையில். ஒருவருக்கு ஒரு வாக்கு. பணக்காரனுக்கும் ஒன்று, பஸ் ஓட்டுறவனுக்கும் ஒன்று. அதாலதான் 2020ல் கடன் பத்திரம் விற்று ஐந்து மில்லியன் பவுணுக்கு மேல் சேர்த்துப் பழைய இடத்துக்குப் பக்கத்திலேயே மைதானம் கட்ட முடிந்தது. அடுத்தது, மைதானத்தின் காணி ஆர் பெயரில் இருக்கு என்று பாருங்கள். கழகத்தின் பெயரிலா, முதலாளியின் வேறு கம்பனி பெயரிலா? காணி பிரிந்தால் கழகம் வாடகை வீட்டுக்காரன்தான், வீட்டுக்காரன் எப்ப எழும்பச் சொல்லுவான் என்று பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். அதுக்குப் பிறகு, கூட்டத்துக்குப் போங்கள். ஆண்டுப் பொதுக்கூட்டம் என்றால் சலிப்பாகத்தான் இருக்கும், தேத்தண்ணியும் நன்றாயிராது, ஆனாலும் போய்க் கணக்கைக் கேளுங்கள். வெற்றி வரும்போதுதான் கேட்க வேண்டும், தோற்கும்போது எல்லாரும் கேட்பார்கள். 2025ல் பிரித்தானியாவில் வந்த சட்டத்தில் சின்னத்தையும் சொந்த மைதானச் சட்டை நிறத்தையும் மாற்ற ரசிகர் ஆதரவு வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். நல்லது. ஆனால் சட்டம் இருக்கு என்று நித்திரை கொள்ளக் கூடாது. பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். உறுப்பினர் சந்தாவைத் தவறாமல் கட்டுங்கள். மற்றது, குடித்துவிட்டு உரிமையாளரைப் பற்றி எழுதாதீர்கள்.

பை விற்ற பெண்

அண்ணை, கேட்டது அனுபவம். வகுப்பு இல்லை. ஆனால் அந்தப் பொலிஸ்காரர் கேட்ட கேள்வி நன்றாக இருக்கிறது.

நீலம்1927, பட்டு உதாரணம் பொருந்தவில்லை. யூனிஃபார்மை முதலாளிதானே முடிவு பண்ணுகிறார்!

நீலம்1927

அதைத்தான் சகோதரி நானும் சொல்கிறேன். ரசிகன் வேலைக்காரன் இல்லை.

கிள்ளான்காரன்

அந்த 'கடனாகப் போட்டார்' விஷயத்தில் ஒன்று. பின்னால் அவர் கடனில் பெரும் பகுதியைப் பங்காக மாற்றினார், தள்ளுபடியும் செய்தார். எங்கள் ஊர்க்காரர் என்பதற்காகச் சொல்லவில்லை.

சரி, கொஞ்சம் அதற்காகவும்தான்.

கேன்டன்வாசி

மகனை வில்லனாக்க நினைக்கவில்லை தங்கச்சி. அவர்தான் மிச்சக் கதைக்கே காரணம்.

நான் 2014 கடைசிவரை அதே வீட்டில்தான் இருந்தேன், அப்புறம் பிரிஸ்டலில் வேலை. பெரியவர் இறங்கிய சீசனோடு மைதானம் போவதை நிறுத்தியிருந்தார். தோற்றதால் அல்ல. விரிவாக்கிய புது அடுக்கில் சிவப்பு இருக்கைகள் வைத்தார்களே, அதைப் பார்த்துவிட்டு. சட்டையை மாற்றலாம், நாற்காலியைத் திருகிப் பொருத்தினால் அப்புறம் யார் கழற்றுவது என்றார்.

2015 ஜனவரி 9, மகன் எனக்கு போன் செய்தார். நீலம் திரும்புகிறது, நாளைக்கே ஃபுல்ஹாமோடு நீலத்தில் ஆடுகிறார்கள், அப்பா வருகிறார், உன் சீட் உனக்கு. பிரிஸ்டலிலிருந்து ரயில் ஒரு மணி நேரம்தான். போனேன். மைதானத்துக்கு வெளியே 1927 கேப்டன் ஃபிரெட் கீனர் சிலை அருகே அப்பாவும் மகனும் நின்றார்கள். மகன் நீலத்தில். அதைப் பற்றி யாரும் ஒன்றும் பேசவில்லை. மாரிசன் ஒரே கோல், 1-0. ஆட்டம் ஒன்றும் பிரமாதமில்லை.

நடந்து திரும்பும்போது பெரியவர் சொன்னது இது. டான் நிறத்தை நீலத்துக்கே திரும்ப மாற்றியதற்குக் காரணங்களில் ஒன்றாகத் தன் தாயாரின் புத்திமதியைச் சொல்லியிருந்தார் அல்லவா. பௌத்தரான அந்த அம்மா ஒற்றுமை, சந்தோஷம் என்று எடுத்துச் சொன்னாராம். பெரியவர் அதைப் பேப்பரில் படித்திருந்தார். "நாங்க இத்தனை ஆயிரம் பேர் இரண்டரை வருஷம் கத்தினோம். முதல்லயே அந்தம்மாவுக்கு ஒரு கடுதாசி போட்டிருக்கலாம்."

சிரித்துக்கொண்டே நடந்தோம். பாலம் ஏறும்போது சட்டென்று, "அந்தச் சிவப்பு மஃப்ளரை என்ன பண்ணினே?" என்று கேட்டார்.

அப்பவே தூக்கிப் போட்டுவிட்டேன் என்றேன்.

போடவில்லை. திருநெல்வேலியில் அம்மா அதை வெட் கிரைண்டருக்குத் தூசி மூடியாகக் கட்டி வைத்திருக்கிறாள். ஊருக்குப் போகும்போதெல்லாம் அடுப்படியில் டிராகன் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.