பழைய ஆட்டோமேட்டிக் பிக்கப்: காலையில் கியர் விழத் தாமதம், சூடானதும் நடுக்கம். கியர்பாக்ஸை இறக்கத்தான் வேண்டுமா?

மண்டபம் நண்டுக்கடை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மண்டபத்தில் நண்டும் இறாலும் வாங்கி ஐஸ் பெட்டியில் மதுரைக்கு ஏற்றிச் செல்லும் சிறு வியாபாரம் செய்கிறேன். என்னிடம் 2019 மாடல் டீசல் பிக்கப் ஒன்று இருக்கிறது; இரட்டைக் கேபின், ஆறு கியர் ஆட்டோமேட்டிக். செகண்ட்ஹேண்டில் வாங்கியது, இப்போது 1,62,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. கியர்பாக்ஸ் ஆயில் மாற்றியதற்கான பில் எதுவும் முந்தைய உரிமையாளரிடம் இல்லை; அது ஆயுளுக்கும் மாற்ற வேண்டாத ஆயில் என்று அவர் சொன்னதை நானும் நம்பிவிட்டேன்.

மூன்று மாதங்களாக மூன்று தொந்தரவுகள். காலையில் முதல் முறை எடுக்கும்போது லீவரை ஓட்டும் நிலையான 'டி'க்குத் தள்ளினால் இரண்டு மூன்று விநாடி எதுவும் நடக்காமல், பிறகு பின்னாலிருந்து யாரோ இடித்ததைப் போல் ஒரு குலுக்கலுடன் வண்டி பிடிக்கிறது. நன்றாகச் சூடான பிறகு, பரமக்குடி தாண்டி 60, 70 வேகத்தில் ஆக்சிலேட்டரை லேசாக வைத்திருக்கையில், கரடுமுரடான தார்ச்சாலையில் ஓடுவதைப் போல ஒரு நடுக்கம் வந்து ஐந்தாறு விநாடியில் அடங்குகிறது. மூன்றாவதுதான் பயமாக இருக்கிறது: ராமேஸ்வரத்தில் சரக்கு ஏற்றிக்கொண்டு திரும்பும்போது, பாம்பன் பாலத்தில் ஏறும் நேரத்தில், இரண்டு முறை எஞ்சின் விளக்கு எரிந்து, வண்டி கியர் மாறாமல் ஒரே கியரில் சிக்கிக்கொண்டது. இறங்கி, எஞ்சினை அணைத்து மீண்டும் எடுத்தால் ஒன்றுமே நடக்காதது போல் ஓடுகிறது.

நான் காட்டிய பட்டறையில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, கியர்பாக்ஸ் போய்விட்டது, முழுதாக மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். ஸ்கேனர் போடவில்லை, கீழே படுத்துப் பார்க்கவும் இல்லை. அவர்கள் சொன்ன தொகைக்கு நான் இன்னொரு வண்டியே பார்க்கலாம். இறக்குவதற்கு முன் வேறு என்ன பார்க்க வேண்டும்?

கீழக்கரை கியர்பாக்ஸ் எழுதியது:

தம்பி, ஷார்ஜாவில் 14 ஆண்டுகள் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் பட்டறையில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். ஓட்டிப் பார்த்த மாத்திரத்தில் கியர்பாக்ஸ் பெட்டியை இறக்கச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. நீங்கள் சொல்லும் மூன்றும் ஒரே நோயாக இருக்க வேண்டும் என்பதில்லை. எனவே ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

முதலில் ஆயில். மேனுவல் கியர்பாக்ஸில் ஆயில் பல்சக்கரங்களுக்கு வழவழப்புக் கொடுப்பதோடு சரி. ஆட்டோமேட்டிக்கில் அதுவே இரத்தம்: எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரில் சக்தியைக் கடத்துவதும், அழுத்தமாக மாறிக் கிளட்ச் தட்டுகளை இறுக்குவதும், சூட்டைக் கூலருக்குக் கொண்டுபோவதும் அந்த ஆயில்தான். ஒரு லிட்டர் குறைந்தாலே, இரவெல்லாம் நின்ற வண்டியில் பம்ப் அழுத்தம் கட்டுவதற்கு நேரம் எடுக்கும். உங்கள் காலைத் தாமதத்திற்கு நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். உள்ளே ரப்பர் சீல்கள் இறுகிப் போயிருந்தாலும் இதே அறிகுறி வரும், ஆனால் அது இரண்டாவது சந்தேகம்.

இந்த வகைப் பெட்டிகள் பலவற்றில் ஆயில் அளவு பார்க்கும் குச்சி (டிப்ஸ்டிக்) இருக்காது. சமதளத்தில் வண்டியை நிறுத்தி, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஆயில் சூடு குறிப்பிட்ட அளவில் இருக்கையில், அடியில் உள்ள வழிவுத் திருகைக் கழற்றிப் பார்க்க வேண்டும். மெல்லிய நூலாக வழிந்தால் அளவு சரி, எதுவும் வராவிட்டால் குறைவு. பெரும்பாலும் 35 முதல் 45 டிகிரிக்குள் பார்க்கச் சொல்வார்கள், உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள எண்ணே இறுதியானது. கொதிக்கும் பெட்டியில் பார்த்தால் ஆயில் விரிந்து நின்று, குறைவாக இருந்தாலும் போதும் என்று காட்டிவிடும். வழிந்ததில் இரண்டு சொட்டு வெள்ளைத் துணியில் விட்டு, நிறத்தைப் பாருங்கள், முகர்ந்தும் பாருங்கள். சிவப்போ இளம்பழுப்போ என்றால் நல்லது. கரும்பழுப்பும் தீய்ந்த வாடையும் என்றால் ஆயில் வெந்துவிட்டது. ரோஸ்மில்க் போலக் கலங்கியிருந்தால் வண்டியை அங்கேயே நிறுத்துங்கள்: ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலர் அரித்துத் தண்ணீர் கலந்துவிட்டது என்று பொருள், தண்ணீர் பட்டால் கிளட்ச் தட்டுகளின் மேற்பூச்சு பிய்ந்துவிடும்.

அடுத்து நடுக்கம். ஆளில்லாத சாலையில், நடுக்கம் வந்துகொண்டிருக்கும்போது ஆக்சிலேட்டரை அசைக்காமல், பிரேக் விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் இடது காலால் பெடலைத் தொடுங்கள். பிரேக் சுவிட்ச் வேலை செய்ததும் கன்வெர்ட்டருக்குள், எஞ்சினையும் கியர்பாக்ஸையும் நேராகப் பூட்டும் லாக்கப் கிளட்ச் விடுபடும். அந்தக் கணமே நடுக்கம் நின்றால் குற்றவாளி லாக்கப் கிளட்சும் அதன் ஆயிலும். நிற்காவிட்டால் எஞ்சினுக்கு டீசல் தெளிக்கும் இன்ஜெக்டர், பின் சக்கரங்களுக்குச் சக்தி கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்டின் குறுக்கு இணைப்பு, டயர் என்று வேறு பக்கம் தேட வேண்டும். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் நல்ல கியர்பாக்ஸை இறக்கி, பிறகு இன்ஜெக்டரில் கோளாறு கண்டுபிடித்த கதைகள் எனக்கு நிறையத் தெரியும்.

ஸ்கேனர் வைத்திருப்பவரிடம் போய், வண்டி பதிந்து வைத்திருக்கும் கோளாறுக் குறியீடுகளை எழுதி வாங்குங்கள். அதுவரை பேட்டரி வயரைக் கழற்றாதீர்கள், சாட்சி அழிந்துவிடும். இன்னொன்றும் கேட்க வேண்டும்: இந்த வண்டியால் எதையாவது இழுத்தீர்களா?

தங்கச்சிமடம் ஆட்டோ எலக்ட்ரீசியன் எழுதியது:

கீழக்கரை பாய் சொன்னதோடு எனக்கு முரண்பாடு இல்லை. ஆனால் பாலத்தில் வண்டி ஒரே கியரில் நின்றதற்கு நான் ஆயிலைவிட வயரைத்தான் முதலில் சந்தேகிப்பேன். அணைத்து எடுத்தால் சரியாகிவிடுகிறது என்றால், கட்டுப்பாட்டுப் பெட்டி ஏதோ ஒரு தவறான சமிக்ஞையைப் பார்த்துத் தற்காப்பு நிலைக்குப் போயிருக்கிறது. உள்ளே கிளட்ச் தேய்ந்தாலும் அப்படிப் போகும், மறுக்கவில்லை; ஆனால் நம் கரையில் மீன் ஏற்றும் வண்டிகளில் நான் அடிக்கடி பார்ப்பது உப்பு. ஐஸ் உருகி வழியும் மீன் தண்ணீர் தொட்டித் தளத்தின் துளை வழியாக இறங்கி, சேஸிஸ் மேல் ஓடும் வயர் கட்டிலும் கியர்பாக்ஸ் சாக்கெட்டிலும் ஊறுகிறது. போன மாதம் ஒரு வண்டியில் வேக சென்சார் சாக்கெட்டைக் கழற்றியபோது, பச்சைப் பொடி கொட்டியது. ஊசி ஒன்று கையோடு ஒடிந்து வந்துவிட்டது.

இருநூறு முந்நூறு ரூபாய் மல்டிமீட்டர் போதும். கறுப்பு முனையை பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்திலும், சிவப்பு முனையைக் கியர்பாக்ஸின் வெறும் உலோகத்திலும் வைத்து, ஒருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். ஸ்டார்ட்டர் சுற்றும்போது 0.3 வோல்ட்டுக்குள் இருந்தால் கவலையில்லை. அரை வோல்ட்டைத் தாண்டினால் எஞ்சினுக்கும் சேஸிஸுக்கும் இடையே உள்ள எர்த் பட்டை அரித்துவிட்டது. அந்த நிலையில் ஆயில் வழிகளைத் திறந்து மூடும் மின்வால்வுகளான சாலினாய்டுகளுக்கும் சென்சார்களுக்கும் சரியான மின்சாரம் கிடைக்காது. சாக்கெட்டுகளை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் வெளியே துடைத்து, உலர்ந்த பிறகு கழற்றி, கான்டாக்ட் கிளீனர் அடியுங்கள். உப்புத்தாள் போட்டு ஊசியைத் தேய்க்காதீர்கள், முலாம் போனால் மீண்டும் துரு ஏறும்.

மண்டபம் நண்டுக்கடை எழுதியது:

இருவருக்கும் நன்றி. மூன்று நாட்கள் எடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தேன்.

வழிவுத் திருகைக் கழற்றியபோது ஒரு சொட்டுக்கூட வரவில்லை. நூலாக வழியும் வரை ஊற்றியதில் 1.2 லிட்டர் இறங்கியது. துணியில் பட்டது கருப்பட்டிப் பாகு நிறம், தீய்ந்த வாடையும் இருக்கிறது, ஆனால் கலங்கல் இல்லை. பின்பக்க ஆயில் சீல் ஓரத்தில் மண்ணோடு சேர்ந்து பிசுக்காக ஒட்டியிருந்ததால் கசிவு அங்கேதான் என்று நினைக்கிறேன். நடுக்கம் வந்தபோது பிரேக்கைத் தொட்டதும் சட்டென்று நின்றது. மூன்று முறை செய்து பார்த்தேன், மூன்று முறையும் அப்படியே. எர்த் சோதனையில் 0.9 வோல்ட். பட்டையைக் கழற்றினால் பாதி இழைகள் பொடியாக உதிர்ந்தன. ஸ்கேனரில் இரண்டு குறியீடுகள் இருந்தன: லாக்கப் கிளட்ச் வழுக்குவதைச் சொல்லும் பி 0741, மின்னழுத்தக் குறைவைச் சொல்லும் பி 0562.

பாய் கேட்ட கேள்விக்குப் பதில்: ஆம், இழுத்திருக்கிறேன். புயல் எச்சரிக்கை வந்தபோது மைத்துனரின் ஃபைபர் படகையும் பக்கத்துக் கரைக்காரர்களின் படகுகள் இரண்டையும் கயிறு கட்டி மணலில் மேலே ஏற்றினேன். ஒரு படகு அசையவே பத்து நிமிடம் ஆயிற்று.

கீழக்கரை கியர்பாக்ஸ் எழுதியது:

அந்தப் பத்து நிமிடம்தான் ஆயிலை வேகவைத்திருக்கிறது. சக்கரம் நகராமல் நீங்கள் ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது, எஞ்சின் தரும் சக்தி முழுவதும் கன்வெர்ட்டருக்குள் ஆயிலைக் கலக்கிச் சூடாகவே மாறுகிறது. வழக்கமாக 80, 90 டிகிரியில் இருக்கும் ஆயில் சில நிமிடங்களில் 120ஐத் தாண்டிவிடும். அதுவும் ஒரு லிட்டருக்கு மேல் குறைவாக இருந்த ஆயில். இனி இழுக்க நேர்ந்தால் ஃபோர் வீலின் லோ பல்லில் போட்டு இழுங்கள், கன்வெர்ட்டருக்குப் பாரம் பெருமளவு குறையும். அரை நிமிடத்தில் அசையாவிட்டால் விட்டுவிட்டு ஆட்களைக் கூப்பிடுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது: பின் சீலை மாற்றி, கியர்பாக்ஸின் அடியில் உள்ள ஆயில் தட்டை (பேன்) இறக்கி, ஃபில்டரையும் பாருங்கள். பேனுக்குள் இருக்கும் காந்தங்களில் சாம்பல் நிறத்தில் மை போன்ற படிவு இருந்தால் அது இயல்பான தேய்மானம். ஊசி போன்ற உலோகத் துணுக்கோ, கறுப்புத் தட்டுச் சில்லுகளோ இருந்தால், வருத்தம்தான், பெட்டியைத் திறந்தாக வேண்டும்.

ஆயிலை மெஷின் வைத்து மொத்தமாக உறிஞ்சி மாற்றலாம் என்று சிலர் சொல்வார்கள். இவ்வளவு பழைய ஆயிலில் நான் அதைச் செய்ய மாட்டேன். ஓரங்களில் படிந்த கசடு அந்த வேகத்தில் கிளம்பி ஆயிலைக் கிளட்சுகளுக்குப் பிரித்து அனுப்பும் வால்வு பாடியின் நுண்துளைகளில் போய் உட்காரும். வடித்து ஊற்றி, 500 கிலோமீட்டர் ஓட்டி, மீண்டும் வடித்து ஊற்றுங்கள். மொத்தம் 9 லிட்டர் பிடிக்கும் பெட்டியில் ஒரு தடவைக்கு 3 லிட்டர் வடிந்தால், மூன்று தடவையில் ஏறத்தாழ 70 சதவீதம் புது ஆயில் வந்துவிடும். கையேட்டில் உள்ள தர எண்ணைப் பார்த்து அதே ஆயிலை வாங்குங்கள்; லாக்கப் கிளட்சின் நடுக்கத்தை அடக்குவது அந்த ஆயிலில் உள்ள சேர்மானம்தான், கடைக்காரர் "இதுவும் ஓடும்" என்று தருவதில் அது இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை.

மண்டபம் நண்டுக்கடை எழுதியது:

காந்தத்தில் சாம்பல் மை மட்டும்தான் இருந்தது, படம் எடுத்து வைத்திருக்கிறேன். சீலும் ஃபில்டரும் எர்த் பட்டையும் புதியவை. இரண்டு முறை ஆயில் மாற்றியாயிற்று. அதன் பிறகு பாலத்தை எட்டு முறை கடந்துவிட்டேன், எஞ்சின் விளக்கு எரியவில்லை. நடுக்கம் முதல் தடவையிலேயே பாதியாகி, இப்போது மானாமதுரைக்கு அப்பால் எப்போதாவது ஒரு விநாடி தலைகாட்டுகிறது. காலைத் தாமதம் மட்டும் முழுவதுமாகப் போகவில்லை, ஒரு விநாடி இருக்கிறது. பாய், அது நீங்கள் சொன்ன இறுகிய சீலாக இருக்குமா?

கீழக்கரை கியர்பாக்ஸ் எழுதியது:

இருக்கலாம். மூன்றாவது ஆயிலையும் மாற்றிவிட்டு, காலையில் ஸ்டார்ட் செய்ததும் 'டி'க்குப் போகாமல் அரை நிமிடம் நிறுத்த நிலையான 'பி'யிலேயே எஞ்சினை ஓடவிட்டுப் பிறகு போட்டுப் பாருங்கள். தாமதம் மறைந்தால், இரவில் கன்வெர்ட்டரிலிருந்து ஆயில் இறங்கிவிடுகிறது என்று பொருள்; அந்த அரை நிமிடத்தைப் பழக்கமாக்கிக்கொண்டு ஓட்டலாம். மறையாமல், மாதங்கள் போகப் போகத் தாமதம் கூடினால் கீழக்கரைக்குக் கொண்டு வாருங்கள், அழுத்தமானி பொருத்திப் பார்த்துவிட்டுப் பேசுவோம்.