கரண்ட் போயி வந்தா உங்க சர்வர்ல சர்வீஸ் (பின்னாடி ஓடிட்டே இருக்கற புரோகிராம்) தானா எந்திரிக்குதா? அனுபவம் சொல்லுங்க

லாஸ்பேட்டைக்காரன்:
2024 நவம்பர் 30 ராத்திரி பெஞ்சல் புயல் இங்க பக்கத்துல கரை கடந்துச்சுல்ல, விடிஞ்சு பாத்தா பாண்டில 45 செமீக்கு மேல மழை, கரண்ட் இல்ல, டவர் இல்ல. மருந்து மொத்த வியாபாரம் பண்ற அண்ணன் ஒருத்தர் கடைக்கு உபுண்டு சர்வர் நான்தான் போட்டுக் குடுத்தேன், பில்லிங் மொத்தமும் அதுலதான். யூபிஎஸ் பேட்டரி தீந்து மெஷின் நின்னுடுச்சு. கரண்ட் வந்ததும் தானா ஆன் ஆயிருக்கு, பிங் போகுது (நெட்வொர்க்ல மெஷின் பதில் சொல்லுது), ஆனா "தம்பி பில் வரல, சுகர் மாத்திரைக்கு மெடிக்கல்காரங்க வாசல்ல நிக்கிறாங்க"னு போன் வருது. முழங்கால் தண்ணில நடந்தே போனேன். சர்வீஸ் நிலைமையக் காட்டற சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் கமாண்டை அடிச்சா ஆக்டிவ் வரில "இன்ஆக்டிவ்", அதுக்கு மேல லோடட் வரில "டிஸேபிள்டு"னு ஒரு வார்த்தை. அங்கதான் விஷயமே. சர்வர் போட்ட அன்னிக்கு ஸ்டார்ட் மட்டும் குடுத்துட்டு வந்துட்டேன். ஸ்டார்ட்னா இப்ப ஓட்டு, எனேபிள்னா பூட் ஆகறப்பல்லாம் ஓட்டு, ரெண்டும் வேற வேற. எட்டு மாசம் ரீபூட்டே ஆகாததால யாருக்கும் தெரியல. இப்பல்லாம் எனேபிள்கூட நவ்-ங்கற ஆப்ஷனும் சேத்தே அடிக்கிறேன், ரெண்டும் ஒரே தடவைல முடிஞ்சுடும்.

மஞ்சக்குப்பம்:
அண்ணா எனக்கு எனேபிள் பண்ணியும் விழுந்துச்சு. கடலூர் முதுநகர்ல ஒரு ஐஸ் கம்பெனி, அதே வாரம்தான், சாத்தனூர் அணைத் தண்ணி தென்பெண்ணைல வந்து ஊரே மிதந்த நேரம். கரண்ட் வந்தப்புறம் டேட்டாபேஸான மைஎஸ்க்யூஎல் எந்திரிக்க லேட்டு, அதுக்குள்ள எங்க ஆப் எந்திரிச்சு டேட்டாபேஸ் இல்லன்னு சாவுது, ரீஸ்டார்ட் ஆல்வேஸ் போட்டிருக்கறதால திரும்ப எந்திரிக்குது, திரும்ப சாவுது. ரீஸ்டார்ட்செக்ல இடைவெளி போடலன்னா அது வெறும் 100 மில்லிசெகண்ட், 10 செகண்டுக்குள்ள 5 தடவைக்கு மேல போச்சுன்னா சர்வீஸ்களை எழுப்பி நடத்தற சிஸ்டம்டி கைவிட்டுடும். லாக் பாக்கற ஜர்னல்சிடிஎல்ல யூனிட் (சர்வீஸ்) பேர் குடுத்து பாத்தப்பதான் "ரிப்பீட்டட் டூ குவிக்லி"னு கண்ணுல பட்டுச்சு. யூனிட் ஃபைல்ல (சர்வீஸ் எப்படி ஓடணும்னு எழுதற ஃபைல்) ஆஃப்டர் (அதுக்கப்புறம் எந்திரி), வான்ட்ஸ் (அதையும் எழுப்பு) ரெண்டுலயும் மைஎஸ்க்யூஎல் பேரைப் போட்டு, ரீஸ்டார்ட்செக் 5 வெச்சேன். மாத்தின ஃபைலைத் திரும்பப் படிக்க வைக்கற டீமன்-ரீலோட் அடிக்க மறந்து பழைய செட்டிங்லயே அரைமணி நேரம் மல்லாடினது தனி. அதுக்கப்புறம் எத்தனையோ தடவை கரண்ட் போயிடுச்சு, ஒருநாள்கூட போன் வரல.

வில்லியனூர்:
நான் புரோகிராமை நோஹப் போட்டு கடைசில ஒரு ஆம்பர்சாண்ட் வெச்சுதான் ஓட்டிட்டிருக்கேன், எஸ்எஸ்எச் (தூரத்துலேர்ந்து சர்வர்ல நுழையற கனெக்ஷன்) மூடினாலும் ஓடுதே, அது பத்தாதா?

லாஸ்பேட்டைக்காரன்:
டெர்மினல் மூடினா தாங்கும், ரீபூட் ஆனா போச்சு, நடுவுல செத்தாலும் எழுப்ப ஆள் இல்ல. யூனிட் ஃபைல் பத்து வரிகூட வராது, எழுதிடுங்க. எழுதிட்டு ஞாயித்துக்கிழமை கடை மூடினப்புறம் நீங்களே ஒரு தடவை ரீபூட் பண்ணிப் பாருங்க, புயல் வந்து பாக்க வேணாம்.

வில்லியனூர்:
நேத்து பண்ணிட்டேன். பில்லிங் தானா வந்துடுச்சு. ஆனா ராத்திரி பேக்கப் எடுக்கற டைமர் டிஸேபிள்டுனு காட்டுச்சு, அது எப்பலேர்ந்து ஓடலன்னு இப்ப ஜர்னல்ல தேடிட்டிருக்கேன்.