தங்கச்சிக்கு 7.5 ஒதுக்கீட்டுல சீட், ஆனா பணம் கேட்கறாங்க

கேள்வி:
தங்கச்சி ஆறாவதுலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் அரசுப் பள்ளிதான். அரசுப் பள்ளியில படிச்சவங்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டுல இன்ஜினியரிங் கிடைச்சிருக்கு. எங்க வீட்ல காலேஜ் வாசலை மிதிக்கப்போற முதல் ஆள் அவதான். அப்பாவுக்கு செங்கல் சூளையில வேலை, நான் திருப்பூர்ல பனியன் கம்பெனி. விடுதிக்குப் பணம் கட்டினாத்தான் அட்மிஷன்னு காலேஜ்ல சொல்றாங்க. அம்மா கம்மலைக் கழட்டி மஞ்சப்பையில முடிஞ்சு வச்சிருக்காங்க. அடகு வச்சிடலாமா?

பதில் 1:
வேண்டாம்ணா! 2021லேர்ந்து இந்த ஒதுக்கீட்டுல சேர்றவங்களுக்குப் படிப்பு, விடுதி, கலந்தாய்வுக் கட்டணம் எல்லாம் அரசு ஏத்துக்குது. நானும் அப்படிப் படிச்சவதான். என்கிட்டயும் கேட்டாங்க. கலந்தாய்வுல சீட் ஒதுக்கிக் கொடுத்த ஆணையைக் காட்டி, "எதுக்குன்னு எழுதிக் கொடுங்க சார்"னேன். யாரும் எழுதித் தரல, அதுக்கப்புறம் கேட்கவும் இல்ல.

பதில் 2:
தம்பி, நான் அரசுப் பள்ளி ஆசிரியை. அரசுப் பள்ளியில படிச்சு காலேஜ் போற பொண்ணுங்களுக்கான புதுமைப்பெண் திட்டத்துல மாசம் 1000 ரூபாயும் வரும், விட்டுடாதீங்க. கல்லூரி வழியாத்தான் விண்ணப்பிக்கணும். தங்கச்சி பேர்ல ஆதார் இணைச்ச வங்கிக் கணக்கு இருக்கான்னு இன்னைக்கே பாருங்க.

கேட்டவர்:
ரொம்ப நன்றி டீச்சர், நன்றிம்மா. ஆணையை நாலு ஜெராக்ஸ் எடுத்தாச்சு. நாளைக்கு லீவு போட்டு நானே கூடப் போறேன். அம்மா இன்னும் கம்மலை மாட்டல, அட்மிஷன் முடியட்டும்ங்கறாங்க.