பழைய மூணு சக்கர ரோடு ரோலர்: பினியன், பேரிங், போல்ட் எதுவும் கிடைக்கல, உதவி வேணும்

குழித்துறை ரோலர்:
8–10 டன் மூணு சக்கர ரோலர். பெயர்த்தகடு இல்லை, பார்ட்ஸ் புக்கும் இல்லை. இன்ஜின் நல்லா ஓடுது, கோளாறு பூரா பின்பக்கம்தான். வலது பின்சக்கரத்தை ஓட்டுற பினியனில் (சின்ன கியர்) ரெண்டு பல் ஒடிஞ்சு போச்சு. 14 பல், வெளிவிட்டம் இப்போ 134.6 மி.மீ. சக்கரத்தோட சேர்ந்த பெரிய ரிங்கில் 84 பல். பட்டறையில் 8 மாட்யூலில் (மெட்ரிக் கணக்கில் பல் அளவு) வெட்டித் தரலாம் என்கிறார்கள்.
அந்தப் பினியன் இருக்கிற கவுண்டர் ஷாஃப்ட் பேரிங்கில் நம்பர் அழிஞ்சிட்டு. உள் 50.8, வெளி 114.3, அகலம் 27. கடையில் 6310-ங்கிற மெட்ரிக் பேரிங்கை எடுக்கச் சொல்றாங்க. கியர்பாக்ஸ் மூடி போல்ட்டும் புதுசு போட்டா ரெண்டு சுத்துலயே இறுகி நிக்குது. நாகர்கோவில், மார்த்தாண்டம் ரெண்டு இடத்திலும் கேட்டாச்சு, ‘இந்த மாடலுக்குச் சாமான் வராது’ன்னுதான் பதில். எங்கே தேடணும்?

தக்கலை கியர்:
அண்ணாச்சி, 8 மாட்யூலில் வெட்டக் கொடுக்காதீங்க. உங்க அளவே பதில் சொல்லுது. வெளிவிட்டத்தைப் பல் எண்ணிக்கையோடு 2 கூட்டி வகுத்தா மாட்யூல் வரும். 134.6-ஐ 16-ஆல் வகுத்தா 8.41. அது 8-ம் இல்லை, 9-ம் இல்லை. நுனி கொஞ்சம் தேஞ்சிருக்குன்னு வச்சா 8.467-க்குப் பக்கத்தில் வருது, அதாவது அங்குலக் கணக்கில் 3 டிபி (டயமெட்ரல் பிட்ச், விட்டத்தில் ஒரு அங்குலத்துக்கு எத்தனை பல்லுன்னு சொல்றது). ஆங்கிலேய வரைபடத்தை வச்சுச் செய்த மெஷின்களில் டிபி பல்லுதான் வழக்கம்.
ஆனா வெளிவிட்டத்தை மட்டும் நம்பி ஆர்டர் கொடுக்கக் கூடாது. பல் பக்கத்தோட சாய்கோணம் (பிரஷர் ஆங்கிள்) 20 டிகிரியா, 14½ டிகிரியான்னு தெரியணும். அதுக்குப் பெரிய ரிங்கில் அளவு எடுங்க. பினியன் படாத ஓரத்தில் பல் தேயாம இருக்கும், அங்கே வெர்னியரை வச்சு 9 பல்லைச் சேர்த்துப் பிடிச்சு ஒரு அளவு, 10 பல்லைப் பிடிச்சு ஒரு அளவு. ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் 25.0 மி.மீ. வந்தா 20 டிகிரி, 25.75 வந்தா 14½. கொஞ்சம் தேய்மானம் இருந்தாலும் ரெண்டு அளவிலும் அது ஒரே மாதிரி இருக்கறதால கழிஞ்சு போகும். 8 மாட்யூலுக்கு இதே வித்தியாசம் 23.6-தான். பல்லுக்குப் பல் 1.4 மி.மீ. மாறினா புதுப் பினியன் கடிச்சு நிக்கும், கிடைக்கவே கிடைக்காத ரிங்கும் சேர்ந்து ஒடியும்.
ஷாஃப்ட் மையத்திலிருந்து சக்கர மையம் வரை தூரமும் வேணும். புஷ் தேஞ்சு ஷாஃப்ட் தொங்கியிருந்தா ஜாக்கி வச்சு இருக்க வேண்டிய இடத்துக்குத் தூக்கின பிறகு அளங்க. 14-ம் 84-ம் 3 டிபியில் சேர்ந்தா கணக்குப்படி 414.87 மி.மீ. அதைவிடத் தெளிவா கூட வந்தா அது திருத்தின பல்லு, அதாவது கட்டரை வெளியே தள்ளி வெட்டினது. 14½ டிகிரியில் 14 பல் போட்டா வெட்டும்போதே பல்லோட வேர் ரொம்ப அரிக்கும், அதனால அப்படித் திருத்துவாங்க. அப்போ வெளிவிட்டக் கணக்கே மாறும், பழைய பினியனையும் வெட்டறவர் கையில் கொடுத்தே ஆகணும்.

கோட்டாறு பேரிங்:
பேரிங் விஷயம். 50.8 × 114.3 × 26.99 என்கிறது 2 × 4½ × 1 1⁄16 அங்குலம். அங்குல பேரிங் நம்பர் ஆர்எம்எஸ் 16 அல்லது எம்ஜே 2-ன்னு கேளுங்க, ரெண்டும் ஒரே அளவுதான். கடைக்காரரிடம் ரோலர் பெயரைச் சொன்னா ‘இல்லை’ன்னுதான் வரும், இந்த நம்பரைச் சொன்னா வேற பதில் வரும். இங்கே இல்லேன்னா சென்னை பிராட்வே பக்கம் விசாரிங்க.
கிடைக்காட்டி 6310 போடலாம், ஆனா அப்படியே இல்லை. அது 50 × 110 × 27. அகலம் ஒத்துப்போகுது. ஷாஃப்டில் பேரிங் உக்காருற இடத்தை மட்டும் 50-க்குக் கொஞ்சம் கூட விட்டுக் கடைஞ்சு, 50.002-க்கும் 50.018-க்கும் நடுவே கிரைண்டிங்கில் முடிக்கணும். ஹவுசிங்குக்கு (பேரிங் வெளியே உக்காருற கூடு) வெளி 114.3 வர்ற ஸ்லீவ், முடிவில் சுவர் 2.15 மி.மீ. முதல்ல ஸ்லீவை இறுக்கமா அடிச்சு ஏத்துங்க, அதுக்குப் பிறகுதான் உள்ளே 110 போர் பண்ணணும். முன்னாடியே போர் பண்ணினா ஏத்தும்போது சுருங்கிடும். ஷீட் சுத்தி அடிக்கறது, பஞ்ச் குத்தி இறுக்கறது ரெண்டும் வேண்டாம். ஏத்திய நாளில் இறுக்கமா இருக்கும், சுமை ஏறினதும் பேரிங்கோட வெளி வளையம் சுத்தி ஹவுசிங்கைத் தின்னுடும்.
ஆயில் சீல் உக்காருற இடம் 50.8-ஆவே இருக்கும், அதை மறந்து 50 சீல் வாங்காதீங்க. உதடு சூடாகிக் கருகும். பழைய சீல் பள்ளம் வெட்டியிருந்தா, இடம் இருக்குமானா புதுசை 2–3 மி.மீ. தள்ளி உக்கார வைங்க.

ஆரல்வாய்மொழி ஃபிட்டர்:
போல்ட்டுக்கு மரை கேஜ் வாங்குங்க, 55 டிகிரி விட்வொர்த் (பழைய ஆங்கிலேய மரை) இலைகள் உள்ளது. ½ அங்குலத்தில் பிஎஸ்டபிள்யூவுக்கு (அந்த விட்வொர்த்துதான்) அங்குலத்துக்கு 12 மரை, யுஎன்சிக்கு (அமெரிக்க அங்குல மரை) 13. கண்ணால் பார்த்தா ரெண்டும் ஒண்ணுதான், ரெண்டு சுத்து ஏறி நிக்கறது இதனாலதான். 5⁄8-ல் ரெண்டுக்கும் 11 மரை, ஏறிடும், ஆனா கோணம் 55-க்கு 60. சுமை தாங்குற இடத்தில் அது கூடாது. ஸ்பேனர் போட்டு மிதிச்சு ஏத்தினா வார்ப்பிரும்பு மரை உதிரும். மெட்ரிக் எம்12 போல்ட்டைத் தட்டி ஏத்தறதும் அப்படித்தான். உள்மரை கெட்டுப் போயிருந்தா பெருசாக்கி எம்16 டேப் அடிச்சுக்கலாம், சுத்தி உலோகம் இருக்கான்னு பார்த்துட்டு.

குழித்துறை ரோலர்:
ரொம்ப நன்றி. அளந்தாச்சு. 9-க்கும் 10-க்கும் வித்தியாசம் 25.0. மைய தூரம் 415 ஒட்டி. இன்னும் ரெண்டு கேள்வி. ரிங்கைக் கழற்றித் திருப்பிப் போட்டா தேயாத பக்கம் கிடைக்காதா? கவுண்டர் ஷாஃப்ட் பிராக்கெட்டிலும் விரிசல் உண்டு, உடைஞ்சதையே மாடலா கொடுத்து வார்க்கலாமா?

தக்கலை கியர்:
அப்போ 3 டிபி, 20 டிகிரி, திருத்தாத பல்லு. வெளிவிட்டம் 135.47-ன்னு எழுதிக் கொடுங்க. இரும்பு ஈஎன்24 (அலாய் ஸ்டீல்), டி கண்டிஷன், அதாவது முன்னமே சூடுபண்ணிக் கடினமாக்கினது, கடினம் 248–302 பிரினெல். வெட்டின பிறகு சூடு பண்ண வேண்டாம். ஈஎன்36 எடுத்துக் கார்புரைஸ் பண்ணினா (சூட்டில் கார்பன் ஏத்தி மேல்தோலைக் கடினமாக்கறது) துளையும் கீவேயும் கோணலாக வாய்ப்பு உண்டு, இந்த வேகத்துக்கு அவ்வளவு கடினம் தேவையும் இல்லை. தேயறது பினியனா இருக்கட்டும், ரிங் பிழைக்கட்டும்.
நாகர்கோவில் கோணம் தொழிற்பேட்டையில் விலை கேட்கும் முன்னே ‘3 டிபி ஹாப் (பல் வெட்டுற கட்டர்) இருக்கா’ன்னு கேளுங்க. இல்லேன்னா கோவை. ஹாப் கிடைக்காட்டி மில்லிங்கிலும் முடியும்: 3 டிபி, 20 டிகிரி, 7-ம் நம்பர் கட்டர், அது 14 முதல் 16 பல் வரைக்கும். 40-க்கு 1 டிவைடிங் ஹெட்டில் (பல்லைச் சமமாப் பிரிக்கிற கருவி) ஒவ்வொரு பல்லுக்கும் 21 துளை வட்டத்தில் 2 முழுச் சுத்தும் 18 துளையும்.
ரிங்கைத் திருப்பறது ஒரே பக்கம் இழுக்குற மெஷினுக்குத்தான் பலன் தரும். ரோலர் முன்னும் பின்னும் ஒரே அளவு ஓடுது, பல்லோட ரெண்டு முகமும் தேயும். தேயாத ரிங் வேணும்னா, அரசுத் துறைகள் கழிச்சுவிடுற ரோலர்களுக்கு எம்எஸ்டிசி (மத்திய அரசு நிறுவனம்) ஏலத்தைப் பாருங்க, பல் எண்ணிக்கையும் அந்த 25.0 அளவும் நேரில் சரிபார்த்துட்டு ஏலம் கேளுங்க.
பிராக்கெட்டை அப்படியே மாடலா வைக்காதீங்க. வார்ப்பிரும்பு ஆறும்போது நூத்துக்கு 1 சுருங்கும், 400 மி.மீ. நீளத்தில் 4 மி.மீ. போயிடும். வார்ப்பு எஃகுன்னா நூத்துக்கு 2. கடையற முகங்களில் 3 மி.மீ. வேற வேணும். மரத்தில் சுருக்க அளவு கூட்டி மாடல் செய்யச் சொல்லுங்க, துளைகளை வார்க்காம பிறகு போர் பண்ணுங்க.

ஆரல்வாய்மொழி ஃபிட்டர்:
பினியன் மாட்டினதும் பினியன் பல்லுக்கும் ரிங் பல்லுக்கும் நடுவே உள்ள ஆட்டத்தை 0.3 முதல் 0.5 மி.மீ.க்குள் வைங்க, ரிங்கை ஒரு முழுச் சுத்து சுத்தி நாலு இடத்தில் பாருங்க. சாதா கிரீஸ் வேண்டாம். ரெண்டு மழைக்காலமும் பெய்யுற நம்ம ஊரில் அது கழுவிப் போகும், மிச்சம் ஜல்லித் தூசியோடு சேர்ந்து பல்லை அரைக்கும். திறந்த கியருக்கான ஒட்டும் காம்பவுண்ட் வாங்கிப் பூசுங்க, அதுக்கு முன்னே பழசை டீசல் விட்டுச் சுரண்டி எடுத்திடுங்க. தகரக் கவர் இல்லேன்னா இப்பவே ஒண்ணு அடிச்சு மாட்டுங்க.